முகூர்த்தப் பட்டும் சாயத் தண்ணீரும்: வாங்குவோர் கேள்வி-பதில்

மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் கும்பகோணம் போனோம். விலை 48 ஆயிரம். விலைச்சீட்டில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பட்டு' என்று அச்சடித்திருந்தது. எப்படி என்று கேட்டால், "சில்க் மார்க் இருக்கு, புவிசார் குறியீடு இருக்கு, கைத்தறிங்க, கரண்டே கிடையாது" என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா? (மன்னார்குடி வாசகர்)

புடவை பிடித்திருந்தால் வாங்குங்கள். அந்த ஒரு வரிக்காக வாங்காதீர்கள். அவர் சொன்ன மூன்றும் உண்மை, ஆனால் மூன்றில் ஒன்றுகூட உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. சில்க் மார்க் என்பது மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வழங்கப்படும் முத்திரை. இழை அசல் பட்டு என்பதற்கு மட்டும்தான் அது பொறுப்பு, ஜரிகையைப் பற்றிக்கூட வாய் திறக்காது. 2019-ல் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தின் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரையும் நெய்யும் முறையையும் காப்பது. கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம்தான். ஆனால் பட்டுப்புடவையால் தண்ணீருக்கு வரும் கேடு தறிக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு பசை, பட்டுப்புழுவே சுரக்கும் புரதம். அதை எடுக்காமல் மினுமினுப்பும் வராது, சாயமும் ஏறாது. ஒரு கிலோ பட்டுக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 5 முதல் 7 கிராம் சோப், 1 முதல் 2 கிராம் சோடா. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே முக்கால் மணி நேரமாவது வேகவைப்பார்கள். 250 கிராம் பசை அந்த 30 லிட்டரில் கரைகிறது. அதாவது லிட்டருக்கு 8,000 மில்லிகிராமுக்கு மேல் புரதம். ஆற்றில் விடும் நீரில் உயிர்வழி ஆக்சிஜன் தேவை (கழிவை மக்கவைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. பசைத் தண்ணீரில் நிறம் இருக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டு நாள் தேங்கினால் நாறும், வாய்க்கால் மீன் மிதக்கும்.

அடுத்தது சாயம். அடர் அரக்கு நிறத்துக்குக் கிலோ பட்டுக்கு 30 கிராம் சாயப்பொடி என்று வையுங்கள். சூட்டை மெல்ல ஏற்றி, அசிட்டிக் அமிலத்தைக் கடைசியில் பிரித்துப் பிரித்து ஊற்றி, நிதானமாகப் போட்டால் பெரும்பகுதி இழையில் ஏறிவிடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் தண்ணீரில் 3 கிராம் நிற்கும், தொட்டி முழுக்கச் சிவக்க அது போதும். திருப்பூரோடு இதை ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பருத்திக்கான சாயத்துக்கு லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு வேண்டும். நொய்யலைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பட்டுக்கு அவ்வளவு உப்பு தேவையில்லை. இங்கே சிக்கல் பசையும் நிறமும்தான், இரண்டையும் சுத்திகரிப்பது உப்பைப் பிரிப்பதைவிட எளிது, செலவும் குறைவு. செய்யாமல் விடுவதற்கு நல்ல சாக்கு இல்லை என்பது என் கருத்து.

கடையில் கேட்க வேண்டியது: நூலுக்குச் சாயம் எந்தப் பட்டறையில் போட்டது? அதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை உண்டா? கழிவுநீர் சொந்தச் சுத்திகரிப்புக்குப் போகிறதா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கா? தடைசெய்யப்பட்ட அசோ சாயம் (புற்றுநோய்ப் பொருளாகப் பிரியக்கூடிய செயற்கைச் சாயவகை) இல்லை என்ற ஆய்வுச் சீட்டு உண்டா? "நாங்க சாயம் போடுறதில்ல, வெளியில கொடுத்து வாங்குறோம்" என்பது வழக்கமான பதில். வெளியில் என்றால் எங்கே என்று விடாமல் கேளுங்கள். முத்திரைகளில் இந்தக் கேள்விக்கு ஓரளவு நெருங்கி வருவது 2015 ஆகஸ்ட் 7-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா ஹேண்ட்லூம்'. சாயத்தின் உறுதியையும் தடைசெய்யப்பட்ட சாயத்தையும் சோதித்துத் தரும் முத்திரை அது.

விலைச்சீட்டு வரிக்கு வருவோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவ முடியாது. ஆதாரத்தை அங்கேயே, அல்லது கியூஆர் குறியீடு, இணைய முகவரி வழியாகத் தர வேண்டும். தராவிட்டால் சீட்டைப் படம் எடுத்து 1915 உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

எங்கள் தெருக்கோடியில் சிறிய சாயப்பட்டறை. தண்ணீர் நேராக வாய்க்காலில் விழுகிறது. கேட்டால், "ஆத்துல தண்ணி வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்கிறார்கள். (கும்பகோணம் அருகிலிருந்து)

ஆற்றில் தண்ணீர் வந்தால்தானே? வழக்கப்படி மேட்டூர் ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12 வரை அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் மணல்தான். அந்த நான்கரை மாதமும் சாயத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாது, மணலில் இறங்கி உங்கள் கைப்பம்புக்கு வரும்.

தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் காகிதச் சுருள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பசைத் தண்ணீர் 10-ஐ ஒட்டிக் காட்டும், சாயத் தொட்டித் தண்ணீர் 4, 5 என்று காட்டும். வெளியே விட அனுமதி 5.5 முதல் 9 வரை. எந்த நாள், எத்தனை மணி, என்ன அளவு என்று பத்து நாள் குறித்து, படத்தோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நீங்கள் புட்டியில் பிடித்த தண்ணீர் வழக்கில் சாட்சியம் ஆகாது, வாரியம் முறைப்படி எடுக்கும் மாதிரிதான் செல்லும். உங்கள் குறிப்பு அவர்களைச் சரியான மணிக்கு வரவைக்கும், அவ்வளவுதான்.

வெள்ளி ஜரிகை வாங்குவதா, விலை குறைந்த ஜரிகை போதுமா? எது பூமிக்கு நல்லது? (திருவாரூர்)

பாலியஸ்டர் ஜரிகை முதலிலேயே தள்ளுபடி. அது பிளாஸ்டிக் ஏடு. மக்காது, உருக்கினால் எதுவும் தேறாது. செம்புக் கம்பிமேல் லேசாக வெள்ளி ஏற்றிய ஜரிகை சில வருடத்தில் கறுக்கும், புடவை பீரோவின் அடியில் போய்விடும்.

அசல் ஜரிகையிலும் குற்றம் உண்டு. தங்கமுலாம் பூசும் தொட்டியில் சயனைடு உப்பு இருக்கிறது. நெய்வது இங்கே என்றாலும் ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது, அந்தக் கழிவு அந்த ஊரின் தலையில். ஆனால் அசல் ஜரிகைக்கு மறுபிறவி உண்டு. 40 சதவீத வெள்ளி, அரை சதவீதத் தங்கம் என்ற தரத்தில் 150 கிராம் ஜரிகை என்றால் 60 கிராம் வெள்ளி, முக்கால் கிராம் தங்கம். முப்பது வருடம் கழித்தும் அது உலோகச் சந்தைக்குத் திரும்பும். வெள்ளி, தங்கச் சதவீதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். உலோகக் கலவையை எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி வைத்திருக்கும் கடையில் கண்ணெதிரே சோதித்துக் காட்டச் சொல்லலாம். கிழிந்த புடவையைத் தெருவில் கூவி வருபவரிடம் ஜரிகையை எடை போடாமல் கொடுத்துவிடாதீர்கள்.

பிரான்சிலிருந்து மகன் விலை உயர்ந்த கைப்பை வாங்கி வந்தான். 'எங்கள் கடைகள் எல்லாம் சூரிய மின்சாரத்தில்' என்று அட்டையில் பெருமை. (தஞ்சாவூர்)

அதே கைத்தறிக் கதைதான். கடை விளக்கு சின்ன விஷயம், தோல் பதனிடுவதும் மாடு வளர்ப்பதும்தான் பெரிய விஷயம். உதாரணத்துக்கு, குச்சி (Gucci) கைப்பை பிராண்டின் தாய்க் குழுமமான கெரிங் தன் சுற்றுச்சூழல் பாதிப்பை யூரோவில் கணக்கிட்டு வெளியிடுகிறது. அதில் பெரும்பங்கு கடைகளில் இல்லை, மூலப்பொருளிலும் அதைப் பதப்படுத்துவதிலும்தான்.

'இயற்கைச் சாயம்' என்று வாங்கிய பட்டு, மழைச்சாரல் பட்டதற்கே ரவிக்கையில் சிவப்பு இறங்கிவிட்டது. (மயிலாடுதுறை)

இயற்கையோ செயற்கையோ, ஒட்டாத சாயம்தான் இறங்கும். அடர்நிறத்துக்காகப் பொடியை அள்ளிப் போட்டு, விறகை மிச்சம் பிடிக்கச் சூட்டைச் சீக்கிரம் இறக்கி, அலசலை ஒன்றோடு நிறுத்தினால் இப்படித்தான். கடினத்தன்மை மிகுந்த போர்த் தண்ணீரும் காரணமாகலாம். சோப் திரிந்து இழையில் படிந்தால் சாயம் திட்டுத்திட்டாக மேலேயே நிற்கும். உங்கள் ரவிக்கையில் இறங்கியதைப் போலப் பல மடங்கு ஏற்கெனவே பட்டறை வாய்க்காலில் இறங்கியிருக்கும்.

இயற்கைச் சாயம் என்றால், நிறத்தை இழையில் பிடித்து நிறுத்தச் சேர்த்த உப்பு எது என்று கேளுங்கள். படிகாரம் என்றால் சரி. மயில்துத்தம், பொட்டாசியம் டைகுரோமேட் என்றால் பூவிலிருந்து வந்த நிறமானாலும் கழிவில் கன உலோகம் உண்டு.

இனி வாங்கும்போது வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, உடலும் கரையும் சேரும் இடத்தில் பத்து முறை தேயுங்கள். முந்தியின் நூல்முனையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். நல்ல கடை இதற்கு முகம் சுளிக்காது. இப்போதைக்குப் புடவையைத் துவைக்காதீர்கள், கறையோடு அப்படியே இருக்கட்டும். பில், விலைச்சீட்டு, கறைபட்ட ரவிக்கை மூன்றையும் வைத்துக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.