மதுரையில் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது, இருக்கிற செப்டிக் டேங்கையே திரும்பப் பயன்படுத்தலாமா? விதி என்ன சொல்கிறது?

பயன்படுத்தலாம், அது உண்மையிலேயே டேங்காக இருந்தால். நம்ம பக்கம் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுகிற பலவும் சிமெண்ட் உறைகளை இறக்கி, மேலே மூடி போட்ட வெறும் குழிகள். அடியில் தளம் இருக்காது.

விளாங்குடியில் அப்பா கட்டிய எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. "இருபத்தஞ்சு வருசத்துல ஒரு தடவகூட லாரி கூப்பிட்டதில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். வீட்டை இடித்துக் கட்டியபோது மேஸ்திரியும் அதையே பிடித்துக்கொண்டார்: "நல்லா வேலை செய்யுதுண்ணே, இதையே வச்சுக்குவோம், செலவு மிச்சம்." எனக்கு மனசு ஒப்பவில்லை. லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொன்னேன். கொஞ்ச நேரத்திலேயே பம்பு சத்தம் மாறியது. லாரிக்காரத் தம்பி ஹோஸை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு மேல மண்ணுதான் வருது" என்றார். வெளியே இழுத்தபோது ஹோஸ் வாயில் ஈர மணல் அப்பியிருந்தது.

இருபத்தைந்து வருடம் நிறையாமல் இருந்ததன் ரகசியம் அதுதான். விழுந்ததெல்லாம் அப்படியே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழியிலிருந்து எங்கள் கிணறு பதினான்கு அடி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தோம். கோலிஃபார்ம் கிருமி இருந்தது. நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கே கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டார். நாங்கள் சின்ன வயதில் குடித்து வளர்ந்த தண்ணீர் அது.

அதனால் முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, உங்களுடையது தண்ணீர் நிற்கிற டேங்கா என்பதை. லாரி வைத்துக் காலி செய்யுங்கள். பிறகு வெளியேறும் குழாய் மட்டம் வரை நல்ல தண்ணீர் விட்டு, மேலிருந்தே ஒரு கம்பை இறக்கி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடியிலோ சுவரிலோ கசிவு இருக்கிறது. அந்த டேங்க் உங்களுக்கு வேண்டாம்.

கசிவு இல்லையென்றால் அளவைப் பாருங்கள். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 சொல்கிற குறைந்தபட்சம்: அகலம் 75 சென்டிமீட்டர், நிற்கிற தண்ணீரின் ஆழம் 1 மீட்டர், கொள்ளளவு 1000 லிட்டர். நீளம், அகலத்தைப் போல 2 முதல் 4 மடங்கு. 5 பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் போதும், 2 வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுவதாக இருந்தால். கீழே குடும்பம், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் என்று கட்டுகிறீர்கள் என்றால் பழைய டேங்க் பத்தாது. வென்ட் பைப் வீட்டு உயரத்தைத் தாண்டிப் போக வேண்டும். நுனியில் கொசு வலை கட்டாயம்.

டேங்கில் தெளிந்து வருகிற தண்ணீரும் சுத்தமானது இல்லை. அது உறிஞ்சு குழிக்கு, அதாவது தெளிந்த தண்ணீரை மட்டும் மெல்ல மண்ணுக்குள் இறக்குகிற தனிக் குழிக்குப் போக வேண்டும். தெருச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ விடக்கூடாது. அந்தக் குழி, குடிக்கிற தண்ணீர் எடுக்கும் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 60 அடி. 3 சென்ட் மனையில் இது எங்கே நடக்கும் என்று கேட்பீர்கள். நடக்காதுதான். அதனால்தான் சொல்கிறேன், அப்படிப்பட்ட மனையில் போர்த் தண்ணீரைப் புழங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம். உங்கள் குழியைத் தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நம் காம்பவுண்டுக்குள்தானே தோண்டுகிறோம் என்று எல்லாரும் நினைக்கிறோம், மண்ணுக்கடியில் காம்பவுண்டு ஏது? கண்மாய் ஆயக்கட்டில் பிளாட் போட்ட இடமாக இருந்தால் இன்னும் கவனம். களிமண் உறிஞ்சாது, ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும்போது குழி எதிர்த்துக்கொண்டு வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் இறங்கிவராதீர்கள். "லாரி எடுத்தது போக அடியில கொஞ்சம் கெட்டியா நிக்கிது, ஒரு ஆள் இறங்கி வழிச்சுருவான்" என்று எங்களிடமும் ஒருவர் சொன்னார். ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார். நான் மூடி அருகிலேயே நின்றுகொண்டேன். உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தெரியாமலே ஆள் சாய்ந்துவிடுவார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் சாவது அதனால்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. உதவிக்கு 14420 எண் இருக்கிறது. உரிமம் உள்ள வண்டியா என்று கேளுங்கள். எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்றும் கேளுங்கள். அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் மாநகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கும்போது, ராத்திரியில் கண்மாய்க் கரையில் திறந்துவிடுகிற வண்டிக்கு நம் கையால் காசு கொடுக்கக் கூடாது.

அனுமதி விஷயம்: 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டினால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கிடைத்துவிடுகிறது. டேங்கும் உறிஞ்சு குழியும் எங்கே என்று வரைபடத்தில் சரியாகக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுவது நீங்கள்தான்.

2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி என்றால், உங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை வந்துவிட்டதா அல்லது வேலை நடக்கிறதா என்று வார்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். வரப்போகிறது என்றால் கழிவறைக் குழாயைத் தெருப் பக்கம் திருப்பக்கூடிய மாதிரி ஒரு சேம்பர் இப்போதே கட்டிவிடுங்கள்.

பழைய உறைக் குழியை மழைநீர்க் குழியாக மாற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அடியில் தங்கியிருக்கிற அத்தனையையும் மழைத்தண்ணீர் நேரே ஊற்றுக்கே கொண்டுசேர்த்துவிடும். நாங்கள் காலி செய்து, சுண்ணாம்பு போட்டு, இடித்த வீட்டுச் செங்கல் சல்லியையும் மணலையும் நிரப்பி மூடினோம். அதன் மேல் பில்லர் எதுவும் வராதபடி வரைபடத்தையே இரண்டடி நகர்த்தினோம்.