வாசகர் கேள்வி - பதில்: நிரலாளர் குழுவுக்கு ஓராண்டுத் திட்டம்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோருக்காக ஒரு குழுவைத் தொடங்கியிருக்கிறோம். மாதம் ஒரு சொற்பொழிவு நடக்கிறது. ஆனால் ஒருமுறை வந்தவர்களில் பலர் மறுமுறை வருவதில்லை. புதியவர்களை, குறிப்பாக மாணவர்களையும் பெண்களையும், எப்படி அழைத்துவருவது? வரும் ஆண்டுக்கு என்னென்ன நிகழ்ச்சிகளைத் திட்டமிடலாம்?
- வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: நீங்கள் நடத்துவதெல்லாம் சொற்பொழிவாக இருப்பதுதான் முதல் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரல் எழுதக் கற்க வந்தவர், இரண்டு மணி நேரம் பிறர் திரையைப் பார்த்துவிட்டுத் தம் கையால் ஒரு வரிகூட எழுதாமல் வீடு திரும்பினால், அடுத்த மாதம் வருவதற்கு அவருக்குக் காரணம் ஏதும் இல்லை. எனவே சொற்பொழிவை இருபது நிமிடங்களுக்குள் அடக்குங்கள். முதல் அரை மணி நேரத்தைப் புதியவர்களுக்கே ஒதுக்கி, மீதி நேரத்தில் எல்லோரும் தத்தம் வேலையைச் செய்துகொண்டு ஒருவருக்கொருவர் உதவும்படி விடுங்கள். அந்த முதல் அரை மணி நேரத்துக்கென்றே பொறுமையுள்ள ஓர் உறுப்பினரை நியமிப்பது, பெரிய பேச்சாளரை அழைப்பதைவிடப் பயன் தரும்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். விண்டோஸ் கணினியில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில், கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான ‘பாத்’தில் பைத்தானைச் சேர்ப்பதற்கான ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் குறியிடாமல் அடுத்த திரைக்குப் போய்விட்டவர், பிறகு கட்டளைத் திரையில் ‘பைத்தான்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், மொழிக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளக்கூடும். தொடக்கநிலையாளர் பலர் தமக்கு அறிவு போதவில்லை என்று எண்ணி விலகுவது இத்தகைய இடங்களில்தான். பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும். நிறுவுகோப்புகளைப் பென் டிரைவில் வைத்திருங்கள். இணைய வேகம் குறைந்தாலும் வேலை நடக்கும்.

நாள், இடம் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலையில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் டியூஷனில் இருப்பார்கள். வாரநாள் மாலைகளில் பொழுது சாய்ந்தபின் பேருந்து அரிதாகிவிடும். மாதத்தின் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை பிற்பகலைத் தேர்ந்து, அதை ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய அறையாக இருக்கட்டும். ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுவிக்குச் செல்லும் கிளைப்பாதை 2023 முதல் ஓடுவதால், பல்கலைக்கழக மாணவர்களும் எபேனில் பணிபுரிவோரும் வந்துசேர்வது எளிது.

ஆண்டுத் திட்டத்தை நம் தீவின் நாட்காட்டியை வைத்தே போட வேண்டும். நவம்பரில் தொடங்கும் புயல் பருவம், ஜனவரியிலிருந்து மே நடுப்பகுதிவரையும் நீடிக்கும். தைப்பூசக் காவடிக் காலமும் அதற்குள் வந்துவிடும். அம்மாதங்களில் வழக்கமான சிறு கூட்டங்களே போதும். புயல் எச்சரிக்கை வந்தால் கூட்டம் எந்த நாளுக்கு மாறும் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குளிர்காலமே பெரிய முயற்சிகளுக்கு ஏற்றது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை மென்பொருள் விடுதலை நாளாகப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள்; பொதுமக்களை அழைத்து, யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள்களைக் காட்ட அது நல்ல வாய்ப்பு. அக்டோபரில் பைத்தானின் புதிய பதிப்பு வெளிவருகிறது, திறந்த மூல மென்பொருள்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும், 2014 முதல் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டும் அம்மாதத்தில்தான். ஆனால் எஸ்.சி., எச்.எஸ்.சி. என்னும் பள்ளிப் பொதுத்தேர்வுகள் அப்போது வருவதால், அவற்றைப் பணியில் இருப்போருக்கான நிகழ்ச்சிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களை அழைக்கச் சுவரொட்டியை நம்பாதீர்கள். கணினி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் கணினி அறிவியலின் நான்காம் தாளில் மாணவர்கள் கணினியில் அமர்ந்து பைத்தான், ஜாவா, விஷுவல் பேசிக் ஆகியவற்றுள் ஒன்றில் நிரல் எழுதிக்காட்ட வேண்டும். அந்தத் தாளின் பழைய வினாக்களைச் சேர்ந்து தீர்க்கும் ஒரு பிற்பகலை ஜூலையில் நடத்துவதாகச் சொன்னால், ஆசிரியரே மாணவர்களைத் திரட்டி அனுப்புவார்.

பெண்களுக்காக 2014-இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் முறையைப் பின்பற்றலாம். ஏறத்தாழ மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற அளவில் ஒரு நாள் பயிலரங்கு நடக்கும், கட்டணம் கிடையாது, நாளின் முடிவில் ஒவ்வொருவரும் தாம் உருவாக்கிய வலைத்தளத்தோடு செல்வதே நோக்கம். அதன் பாடநூல் பிரெஞ்சிலும் இலவசமாகக் கிடைக்கிறது. பயிற்றுநர்களிலும் பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும், அன்று வந்தவர்களை அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பெயர் சொல்லி அழைப்பதும் உங்கள் பொறுப்பு. இரண்டாவதைச் செய்யாவிட்டால், பயிலரங்கின் பயன் அந்த ஒரு நாளோடு நின்றுவிடும்.

கேள்வி: கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இத்தகைய குழுவோடு சேர்ந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்ய முடியுமா?
- தமிழாசிரியை, போர்ட் லூயிஸ்

பதில்: தாராளமாக முடியும், அம்மா. விளக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் பேசும் கிரியோலில் சொல்லலாம். நிரலுக்கான பொருளைத் தமிழிலிருந்து எடுக்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால், ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, மேற்புள்ளி என்று, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் எண்ணுவதால் அப்படி. அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால், புள்ளி தனியே முன்னால் வந்து நிற்க, அதன்பின் ‘ழிமத’ என்று வரும்: மகரத்தின்மேல் இருந்த இகரம் ழகரத்துக்குப் போய்விடுகிறது. மூன்று எழுத்து என்று சரியாகச் சொல்லும் நிரலைப் பிள்ளைகளே எழுத முயலும்போது, உயிர்மெய் எவ்வாறு அமைகிறது என்பதையும் சேர்த்தே கற்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. நம் ரூபாய்த் தாள்களில் தமிழ் அச்சிடப்பட்டிருக்கிறதல்லவா? ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைத் தமிழ்ச் சொல்லாக மாற்றித்தரும் நிரலை எழுதச் சொல்லுங்கள். நூறு, இருநூறு என்று ஒழுங்காகப் போய், தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் விதி மாறும்போது, நிபந்தனைக் கட்டளை எதற்காக இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடும். ஒரு பள்ளி விடுமுறையில் உங்கள் வகுப்பறையிலேயே இதை நடத்தித் தருமாறு குழுவைக் கேளுங்கள். குழுவுக்கும் புதிய குடும்பங்களோடு அறிமுகம் கிடைக்கும்.

கேள்வி: பதினைந்து வயது மகள் ஒரு நிரலாளர் குழுவின் கூட்டத்துக்குப் போக விரும்புகிறாள். வருவோரில் பெரும்பாலோர் வயதுவந்த ஆண்கள். அனுப்பலாமா?
- தாய், காத்ர் போர்ன்

பதில்: குழுவினரிடம் மூன்றைக் கேளுங்கள். எழுத்தில் நடத்தை விதிகள் உள்ளனவா, முறையிட வேண்டுமானால் யாரிடம் செல்வது, சிறார் வரும் கூட்டங்களில் பொறுப்பாளர் இருவராவது எப்போதும் அறையில் இருப்பார்களா என்பவை அவை. படம் எடுத்து வெளியிடுவதற்கு உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குவோர் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால், அவற்றை எதற்காக வாங்குகிறார்கள் என்றும் கேட்கலாம். முதல் கூட்டத்துக்கு நீங்களும் உடன் சென்று கடைசிவரை இருங்கள். அதற்கு இடம் தராத குழுவுக்கு மகளை அனுப்ப வேண்டாம்.