இசுசு வி-கிராஸ் பிக்கப்: நெல் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் இடிக்கிறது, லிஃப்ட் கிட் போடலாமா?

வண்டியை 2 இன்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட் வேண்டாம் சார். மன்னார்குடிப் பக்கம் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு 15 மூட்டை ஏற்றினால்தான் இடிக்கிறது என்கிறீர்கள். மூட்டைக்கு 40 கிலோ என்றாலும் 600 கிலோ ஆச்சே! பின்பக்க ஸ்பிரிங் பட்டை (லீஃப்) தளர்ந்திருக்கும், இல்லை அந்தப் பாரத்துக்கு அது போதவில்லை.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து வையுங்கள். காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை, இரண்டு பக்கமும். காலியாக இருக்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை உடைந்திருக்கலாம்.

2. அடியில் குனிந்து, அச்சு மேலே வந்து சட்டத்தில் இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்கள். முனை நசுங்கி, அது மோதும் இடத்தில் சேறு ஒட்டாமல் பளபளவென்று இருந்தால் அங்கேதான் இடிக்கிறது, சந்தேகமே இல்லை.

அப்படியானால் கனமான லீஃப் கட்டு, அதற்கேற்ற ஷாக். ஷாக்கை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், ஷாக் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவே. முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். அங்கே தூக்கினால் முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடும், அதன் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், வாய்க்கால் சேறு உள்ளே போனால் ஜாயின்ட் காலி. களிமண்ணில் சறுக்குகிறது என்றால் அதற்கு மட் டயர்தான் வழி, லிஃப்ட் இல்லை.

கனமான பட்டை போட்டால் காலி வண்டி தூக்கிப் போடும், வீட்டில் திட்டு விழும். ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள். ஆட்களையும் சேர்த்து அவ்வளவுதான் ஏற்றலாம். பட்டை மாற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது.