நான்கு பரிமாணத்தில் ஒழுங்கான (எல்லா முகமும் எல்லா மூலையும் ஒரே மாதிரியான) நட்சத்திர வடிவங்கள் எத்தனை? பத்து என்கிறார்கள், கணித அறிஞர் ஷ்லாஃப்லி கண்டது நான்குதான் என்றும் சொல்கிறார்களே?

இரண்டு எண்ணும் சரிதான். ஏன் என்பது எனக்குப் புரிந்தது சார்ட் அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது.

சிறு நட்சத்திரப் பன்னிருமுகி செய்தேன். பன்னிரண்டு பிரமிடுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து முக்கோணம், மொத்தம் 60. ஒட்டி முடித்ததும் ஒரு கூர்முனையிலிருந்து ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். கோடு ஒரு பிரமிடின் மடிப்பில் இறங்கி, வேறு இரண்டு பிரமிடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் ஓடி, எதிரே இன்னொரு பிரமிடின் மடிப்பில் ஏறி அதன் கூர்முனையைத் தொட்டது. முழுக்க ஒரே நேர்கோடு. அதுதான் இந்த உருவத்தின் விளிம்பு!

அப்படி எண்ணினால் உச்சி 12, விளிம்பு 30. முகங்கள் 12, எல்லாம் ஐமுனை நட்சத்திரங்கள். பள்ளங்கள் கூடும் 20 புள்ளிகள் உச்சிகள் ஆகா. அங்கே முகங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். சரி, பள்ளியில் படித்த ஆய்லர் சூத்திரத்தில் (உச்சி − விளிம்பு + முகம்) போடுங்கள்: 12 − 30 + 12 = −6. வரவேண்டியது 2.

சுவிட்சர்லாந்துக்காரரான லுட்விக் ஷ்லாஃப்லி, 2 வராத காரணத்தால் இதையும் உச்சியும் முகமும் இடம் மாறிய இதன் இணையான பெரும் பன்னிருமுகியையும் ஏற்கவில்லை. இவை செல்லாகவோ (நான்கு பரிமாண வடிவத்தைச் சூழும் முப்பரிமாணத் துண்டுதான் செல்), உச்சியைச் சுற்றி அமையும் உருவமாகவோ வந்த நான்கு பரிமாண வடிவங்களையெல்லாம் விட்டுவிட்டார். அப்படி ஆறு போக, மிஞ்சியவை நான்கு. ஜெர்மன் கணித அறிஞர் எட்மண்ட் ஹெஸ் அந்தத் தடை இல்லாமல் தேடி, பத்தையும் 1883இல் வெளியிட்டார். ஷ்லாஃப்லியின் பெருநூல் அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, 1901இல்தான் முழுதாக அச்சானது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அவர் விட்டதில் எனக்குப் பிடித்தது சிறு நட்சத்திர 120-செல். நான் ஒட்டிய உருவம் 120 முறை வரும், ஒவ்வொரு விளிம்பையும் சுற்றி மூன்று மூன்றாக. முகங்கள் 120 × 12 ÷ 2 = 720, விளிம்புகள் 120 × 30 ÷ 3 = 1200. உச்சிகள் 120 மட்டுமே. பத்தில் ஒன்பதுக்கு இதே 120 உச்சிகள்தான். ஒன்றே ஒன்றுக்கு 600. பத்துக்கும் சமச்சீர்மை ஒன்றே: சுழற்றியோ கண்ணாடியில் போலத் திருப்பியோ பழையபடியே பொருத்த 14,400 விதம். ஐந்து பரிமாணத்திலிருந்து மேலே இப்படி ஒரு நட்சத்திரமும் கிடையாது.

நீங்களும் செய்து பார்ப்பதென்றால் 36, 72, 72 பாகை முக்கோணம் வெட்டுங்கள். ஒரே தளத்தில் விழும் ஐந்துக்கும் ஒரே நிறம், எதிரெதிர்த் தளங்களுக்கும் அதே நிறம். ஆறு நிற அட்டை போதும்.