டாஹோ ட்ரெய்லர் இழுத்தால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

அமெரிக்காவில் செவர்லே கம்பெனியின் பெரிய எஸ்யூவியான டாஹோவை, 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல் இன்ஜினோடு வாங்கப் போகிறீர்கள். தினமும் ஆபீஸ், எப்போதாவது கேம்பர் ட்ரெய்லர் (பின்னால் மாட்டி இழுக்கும் தங்கும் வண்டி). அதை இழுத்தால் மைலேஜ் எவ்வளவு குறையும், அதானே கேள்வி?

அரசு ஸ்டிக்கரில் நகரத்துக்கு கேலனுக்கு 15-16 மைல், ஹைவேக்கு சுமார் 20 என்று இருக்கும். நம்ம கணக்கில் லிட்டருக்கு ஆறரை முதல் எட்டரை கிலோமீட்டர். பள்ளிக்கூடம், மளிகைக்கடை என்று இரண்டு மைல் ஓட்டமே அதிகம் என்றால் அதுவும் வராது. இன்ஜின் சூடாகும் முன்பே வண்டியை அணைத்துவிடுவீர்கள். இரண்டரை டன்னை ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி, மறுபடி நகர்த்துவதும் சும்மா இல்லை.

ட்ரெய்லர் மாட்டினால் மைலேஜ் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். சமதளத்தில் உண்மையான வில்லன் காற்று. வண்டியின் கூரைக்கு மேலே சுவர் மாதிரி நிற்கும் கேம்பரின் முகப்பு, அதே எடையுள்ள தாழ்வான படகைவிட அதிகம் பெட்ரோல் குடிக்கும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: மணிக்கு 65 மைலிலிருந்து 75-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இன்ஜினின் சில சிலிண்டர்களை உறங்கவைத்து பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வித்தையும் பாரம் இழுக்கும்போது பெரிதாகப் பலிக்காது.

டேங்க் 24 கேலன். ட்ரெய்லரோடு 180 மைலுக்கு ஒருமுறை பங்க் தேடுங்கள், அதுவும் ட்ரெய்லரோடு திரும்ப இடமுள்ள பங்காக. மாதாமாதம் இழுப்பவர் என்றால் டீசல் டாஹோவைப் பார்ப்பேன். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் என்றால் பெட்ரோலே போதும்.