கிண்டியில் மான் பார்க்கலாமா?

கேள்வி: லீவில் பிள்ளைகளுடன் சென்னை போகிறோம். பீச் பார்த்தாயிற்று. கிண்டி தேசியப் பூங்காவில் மான் பார்க்க முடியுமா?
– வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: பார்க்கலாம் அம்மா. நானும் காட்பாடிக்காரன்தான். காலை ரயிலில் சென்ட்ரல் இறங்கி, எதிரே 'சென்னை பூங்கா' (பார்க்) ரயில் நிலையத்தில் தாம்பரம் மின்ரயில் ஏறினால் கிண்டி வந்துவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று வேண்டாம்.

ஆளுநர் மாளிகை வளாகத்திலிருந்து பிரித்த காடு அது. 1978-இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 2.7 சதுர கி.மீ.தான், இவ்வளவு பெரிய ஊருக்கு நடுவே அது மிஞ்சியிருப்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் ஒட்டியிருக்கும் சிறுவர் பூங்காவுக்குப் போங்கள்.

அங்கே ஆண் வெளிமானைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, திருகாணி மாதிரி முறுக்கிய கொம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். என் பேத்தி, "தாத்தா, அது மை வச்சிருக்கு" என்று வேலியைப் பிடித்தபடி அரைமணி நேரம் நகரவே இல்லை. பெண்மான் மணல் நிறம். பெரும்பாலும் கொம்பு இருக்காது.

அப்புறம், பிஸ்கட் நீட்டாதீர்கள். கவரையும் கீழே போடாதீர்கள். மான் அதையும் தின்றுவிடும்.