படப்பிடிப்பில் எக்ஸ்ட்ரா வேலையை நம்பி சம்பள வேலையை விடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 26 வயது. ஊர் டர்பன், சாட்ஸ்வர்த். நாலு வருஷமாகக் கேப்டவுனில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன், ரைலண்ட்ஸில் வாடகை அறை. கைக்கு 10,000 ராண்ட் வருகிறது. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாம் 7,200. அம்மாவுக்கு 1,000 அனுப்புகிறேன். நடிகையாக வேண்டும் என்பது சின்ன வயசு ஆசை. போன டிசம்பரிலிருந்து லீவு போட்டு, வெளிநாட்டு சீரியல், விளம்பரங்களில் எக்ஸ்ட்ராவாக, அதாவது வசனம் இல்லாமல் கூட்டத்தில், நின்று வருகிறேன். நாளுக்கு 600 ராண்ட், 150 வரி பிடித்துக்கொண்டு 450 தருகிறார்கள். மார்ச்சில் செய்த வேலைக்கு மே மாதம்தான் காசு வந்தது. வார நாட்களில் ஃப்ரீயாக இருந்தால் நிறைய வேலை தருவோம் என்கிறார்கள். இன்னொரு ஏஜென்சி பதிவுக்கும் போட்டோவுக்கும் 2,500 கேட்கிறது. பிராவிடண்ட் ஃபண்டில் 72,000 இருக்கிறது. வேலையை விட்டு, அதை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாமா? அம்மா கூடவே கூடாது என்கிறார்.

பதில்: வேலையை இப்போது விட வேண்டாம், ஃபண்டிலும் கை வைக்க வேண்டாம். நடிப்பைத் தொடருங்கள். அம்மா பக்கம் சேர்ந்துகொண்டு பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், நீங்கள் எழுதிய எண்களை வைத்தே சொல்கிறேன்.

அந்த 72,000 முழுதாக உங்கள் கைக்கு வராது. 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதியப் பணத்தைப் பிரித்து வைக்கிறார்கள். அதற்கு முன் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்கு, 30,000 ராண்டுக்கு மிகாமல், இடையில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதிக்குப் போனது. அதன் பிறகு கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புக்கு, மீதி ஓய்வுப் பகுதிக்கு. ராஜினாமா செய்தாலும் ஓய்வுப் பகுதியை ரொக்கமாகக் கேட்க முடியாது. உங்கள் சம்பளத்தையும் வருஷத்தையும் பார்த்தால் பழைய பணம் சுமார் 54,000, சேமிப்பு 10,000, ஓய்வு 8,000 என்று இருக்கலாம். பழைய பணத்தில் முதல் 27,500க்கு வரி இல்லை, மிச்சத்துக்கு 18 சதவீதம். கையில் 49,230. சேமிப்புப் பகுதியிலும் 18 சதவீதம் போனால் 8,200. மொத்தம் 57,430. உங்கள் 7,200 செலவுக்கு எட்டு மாதம் ஓடும். அம்மாவுக்கு அனுப்பும் ஆயிரத்தையும் சேர்த்தால் ஏழு மாதம். வருஷம் முடியாது. அந்த 27,500 வரிச்சலுகையும் வாழ்நாளுக்கு ஒருமுறைதான், இப்போது தீர்த்துவிட்டால் அடுத்த ராஜினாமாவுக்குக் கிடையாது. நீங்களாகவே வேலையை விட்டால் யூஐஎஃப் (வேலையிழந்தோர் காப்பீட்டு நிதி) பணமும் கேட்க முடியாது.

எக்ஸ்ட்ரா வேலையே சோறு போடுமா? 7,200ஐ 450ஆல் வகுத்தால் 16. மாதம் 16 நாள் வேலை, அதுவும் பன்னிரண்டு மாதமும். கேப்டவுனில் அது நடக்காது. புரட்டாசி விரதம் முடிகிற சமயத்தில் வெளிநாட்டு விளம்பரக் கம்பெனிகள் வந்து இறங்கும், சித்திரை பிறந்தால் மூட்டை கட்டும். குளிர்கால மழையில் போன் அடிக்காது. நீங்கள் நடிக்கத் தொடங்கியது டிசம்பரில், நல்ல சீசனில். நீங்கள் இதுவரை பார்த்தது இந்தத் தொழிலின் சிரித்த முகத்தை மட்டும்தான். நம் கையில் இல்லாத காரணங்களாலும் வேலை நிற்கும். 2023இல் அமெரிக்க நடிகர்கள் ஜூலை முதல் நவம்பர் வரை வேலைநிறுத்தம் செய்தபோது இங்கே பலருக்கு அடுப்பு எரியவில்லை. அடுத்து, அரசு தரவேண்டிய படத்துறை மானியம் தாமதமாகி, 2025 தொடக்கத்தில் தொழிலாளர்கள் வீதியில் இறங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து வரும் காசை நம்பி முதல் தேதி வாடகை கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் நிற்க ஆள் சேர்ப்பவர்கள் வேறு, வசனம் பேசும் பாத்திரத்துக்கு ஆள் தேடும் காஸ்டிங் டைரக்டர்கள் வேறு. எத்தனை நாள் கூட்டத்தில் நின்றாலும் அந்தக் கதவு தானாகத் திறக்காது. செட் எப்படி நடக்கிறது, கேமராவுக்கு முன்னால் எப்படி அமைதியாக இருப்பது, கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒன்றுபோல இருப்பது) என்றால் என்ன என்பதையெல்லாம் காசு வாங்கிக்கொண்டே கற்கலாம், அது பெரிய விஷயம். அதனால் 450ஐ வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். தனிக் கணக்கு ஒன்று திறந்து, எக்ஸ்ட்ரா காசு மொத்தத்தையும் அதில் போடுங்கள். நடிப்பு வகுப்பு, நல்ல ஹெட்ஷாட் (முகப் படம்), ஆடிஷனுக்குப் போகும் செலவு எல்லாம் அதிலிருந்து மட்டும். அந்தக் கணக்கில் பணம் இல்லாத மாதம் வகுப்பும் இல்லை. வீட்டுச் செலவுக்கு அதைத் தொடாதீர்கள், வீட்டுப் பணத்தை இதற்கும் எடுக்காதீர்கள்.

பயணச் செலவையும் எழுதி வையுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு கால் டைம் (செட்டுக்கு வரச்சொல்லும் நேரம்) என்றால் அந்த நேரத்தில் டாக்ஸி ராங்கில் வண்டி கிடைக்காது, ஊபர்தான். ஸ்டெலன்போஷ் பக்கம் உள்ள ஸ்டூடியோவரை போய் வந்தால் 450இல் பெரும்பங்கு போய்விடும். அதே பகுதியிலிருந்து வருகிறவர்களோடு சேர்ந்து போக ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் தூரமான நாட்களுக்கு மறுத்துவிடுங்கள்.

ஐந்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்களே, அதைப் பற்றி. பெரும்பாலோர் பெயரை எழுதிவிட்டுக் காப்பி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் நின்று படியுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு இந்தத் தொகை, அதற்கு மேல் ஓவர்டைம் என்ன, முகம் தெளிவாகத் தெரிகிற ஃபீச்சர்டு வேலை கொடுத்தால் கூலி மாறுமா என்று பாருங்கள். விளம்பரமாக இருந்தால், எந்த நாடுகளில் எத்தனை வருஷம் ஓட்டப்போகிறார்கள் என்பதையும் தேடுங்கள். விளம்பரத்தில் பெரிய காசு அப்படி ஓட்டுவதற்குத் தரும் உரிமைத்தொகையில்தான் இருக்கிறது, கூட்டத்தில் நிற்பவருக்கு அது பெரும்பாலும் வராது. காலையில் பின்னால் நிற்க வந்தவரை மதியம் பொருளைக் கையில் கொடுத்து கேமரா முன்னால் நிறுத்தினால், அப்போதே ஏஜென்சிக்குப் போன் செய்யுங்கள், ஷாட் முடிந்தபின் பேசிப் பயனில்லை. தாளைப் போனில் படம் எடுங்கள். சாயங்காலம் வெளியேறும்போது நேரம் எழுதிக் கையெழுத்துப் போடும் தாளையும் படம் எடுங்கள். ஓவர்டைம் தகராறு வந்தால் அந்த இரண்டு படங்கள்தான் உங்கள் சாட்சி.

2,500 கேட்கும் ஏஜென்சிக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் தடுக்கிறது. கூட்டத்துக்கு ஆள் எடுக்க, பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த தெளிவான படம் போதும்.

எல்லாச் செலவும் போக மாதம் 1,800 மிஞ்சுகிறது. அதை ஒரு வருஷம் தொடாமல் வைத்தால் 21,600, அதாவது உங்கள் மூன்று மாதச் செலவு. முன்கூட்டிச் சொல்லிப் பணம் எடுக்கும் சாதாரண நோட்டீஸ் டெபாசிட் கணக்கே போதும். வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட வேண்டாம், அதிலிருந்து எடுத்த பணத்தைத் திரும்பப் போட்டால் அது புது முதலீடாகவே கணக்காகும், 5 லட்சம் வாழ்நாள் வரம்பில் அந்த அளவு குறையும். மூன்று மாதச் செலவு சேர்ந்தபின் மேலாளரிடம் வாரம் நாலு நாள் ஷிஃப்ட் கேளுங்கள். அதுவரை வருஷ லீவு 15 வேலைநாளைச் சீசனுக்கென்று ஒதுக்கி, மற்றதற்குச் சனி ஞாயிறு பாருங்கள். கதாபாத்திரத்துக்கான ஆடிஷனில் தொடர்ந்து திரும்ப அழைக்கிறார்கள் என்றால் மறுபடி எழுதுங்கள், அப்போது வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, உங்களிடம் பிடித்த 150. தற்காலிக வேலைக்கு 25 சதவீதம் பிடிப்பது விதி. உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தும் விகிதம் 18 சதவீதம்தான், ஆக ஒவ்வொரு நாளுக்கும் 42 ராண்ட் அதிகம் கட்டியிருக்கிறீர்கள். (வருஷ வருமானம் மொத்தமே 95,750க்குக் கீழே இருப்பவருக்கு 2025/26 கணக்கில் பிடித்தது முழுவதும் திரும்பும்.) ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். சம்பளம் கொடுத்த ஒவ்வொரு ஏஜென்சியிடமும் ஐஆர்பி5 (வரி பிடித்த சான்று) கேளுங்கள். பிடித்த வரியை வரித்துறையான சார்ஸுக்குக் கட்டாத ஆட்களும் உண்டு, அவர்களுடைய ஈஃபைலிங் இணையதளத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜூலையில் தாக்கல் தொடங்கும். சார்ஸே கணக்குப் போட்டு அனுப்பும் தானியங்கி மதிப்பீடு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், மார்ச் முதல் பிப்ரவரி வரையான வரி வருஷத்தில் நின்ற நாட்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று உங்கள் போன் படங்களோடு ஒப்பிடுங்கள். மார்ச்சில் செய்த வேலை அடுத்த வருஷக் கணக்கில் வரும், அந்தத் தாளை இப்போதே எடுத்து வையுங்கள்.